பின் சக்கரம் இறுகிப்போன பழைய காடி: பிரேக்கை எப்படி விடுவிப்பது?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மோரிஸ் மைனர் இருக்கிறது. தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் வாங்கிய காடி. அவர் போன பிறகு 12 வருஷம் தகரக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. போன வருஷம் அவருடைய மகன் அதைத் திரும்ப ஓட்டியே தீருவது என்று இறங்கினார். பேட்டரி மாற்றினார், பெட்ரோல் தொட்டியைக் கழுவினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினும் உயிர் பெற்றது. கியரைப் போட்டு கிளட்சை விட்டதும் காடி பின்பக்கம் ஒருமுறை அமுங்கியது, எஞ்சின் நின்றது. பின் சக்கரங்கள் இம்மி அசையவில்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு தம்பி, "அண்ணே, என் ஹைலக்ஸ் இருக்கு. சங்கிலி போட்டு ஒரே இழு, வந்துடும்லா" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பழைய காடி ஒன்றை எழுப்ப நினைக்கிற யாருக்கும், இதற்கு முன் பிரேக்கைப் பிரித்துப் பார்த்திராதவருக்கும் இது புரிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் டிரம் பிரேக் என்றால் என்ன? ஒரு வார்ப்பிரும்புச் சட்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டிதான் டிரம். சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றும். சட்டிக்குள்ளே பிறைச்சந்திரன் வடிவில் இரண்டு இரும்புத் துண்டுகள் சுற்றாமல் நிற்கும். அவைதான் ஷூ. ஷூவின் வெளிமுகத்தில் டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை ஒட்டியிருக்கும், அதுதான் லைனிங். நீங்கள் பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிலிண்டரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஷூவை விரிக்கும். சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு உள்சுவரை அழுத்திப் பிடித்தால் சட்டி எப்படி நிற்குமோ அப்படிச் சக்கரம் நிற்கும். காலை எடுத்ததும் ஷூக்களை உள்ளே இழுத்து வைப்பது இரண்டு ஸ்பிரிங்குகள். ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் கிடையாது. ஒரு கம்பிக் கேபிள் அதே பின் சக்கர ஷூக்களை ஒரு நெம்புகோல் வழியாக விரிக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மிதிக்கும்போது தள்ளுவதற்கு உங்கள் காலின் பலம் இருக்கிறது. விடும்போது இழுப்பதற்கு அந்த ஸ்பிரிங்குகள் மட்டும்தான். அதனால் கொஞ்சம் துரு ஏறினாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. இறுகிப்போன பிரேக்கின் கதை பெரும்பாலும் இதுதான்.

நம்முடைய ஊர் வெப்பமும் ஈரமும் இதற்குத் தோதானவை. மதியம் வெயில், சாயங்காலம் மழை, ராத்திரி முழுக்க ஈரக் காற்று. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் இன்னும் மோசம், தரையிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். டிரம்மின் உள்முகம் பூச்சு இல்லாத வெறும் வார்ப்பிரும்பு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டுப் போனால் லைனிங் அந்த வெறும் இரும்பை அழுத்திக்கொண்டே கிடக்கும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்து பசை போல ஒட்டிவிடும்.

இதனால்தான் சங்கிலி வேண்டாம் என்றேன். இழுத்தால் சக்கரம் சுற்றும், சந்தேகமில்லை. ஆனால் விட்டுக்கொடுப்பது துருவாகத்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லைனிங்கே ஷூவை விட்டுப் பிய்ந்து, துண்டு துண்டாக டிரம்முக்குள் சிக்கி, இன்னும் கெட்டியாகப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டிய சக்கரத்தைத் தரையில் இழுத்தால் டயர் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகும். அதைவிடக் கவலை, உண்மையில் பிடித்திருப்பது என்ன என்று தெரியாமலேயே வேலை முடிந்ததாக நினைத்துக் காடியை ரோட்டுக்கு எடுத்துப் போய்விடுவோம்.

பின் சக்கரத்தைப் பிடித்திருக்கக்கூடிய கைகள் நாலு. ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டியிருக்கலாம். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, இழுத்த நிலையிலேயே நின்றிருக்கலாம். சக்கர சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தள்ளியபடி உறைந்திருக்கலாம். அல்லது குழாய்க்குள் ஆயில் அழுத்தம் திரும்ப வழியில்லாமல் அடைபட்டிருக்கலாம். எந்தக் கை என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. விடுவிப்பது மீதிக் கால்தான்.

காடியைத் தூக்குவதற்கு முன்னால் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்னால் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கப் போகிறோம், காடியை நிறுத்த வேறெதுவும் இருக்காது. மண் தரையாக இருந்தால் ஜாக்குக்கு அடியில் தடிமனான பலகை வேண்டும், நம் கொட்டகைத் தரைகள் மழைக்குப் பிறகு இளகிவிடும். தூக்கியதும் பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் குறுக்குத் தண்டான ஆக்சிலுக்கு அடியில் இரும்புத் தாங்கி வைத்து, காடியின் எடையை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல்லும் வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இப்போது கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு காசு செலவில்லை. பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களையும் பல்சக்கரங்களால் இணைக்கிறது. இடது சக்கரம் சுற்றும்போது காடிக்கு அடியில் நீளமாக ஓடும் புரொப்பெல்லர் தண்டும் கூடவே சுற்றி, வலது சக்கரம் மட்டும் அசையாமல் நின்றால், பூட்டு வலப்பக்கம். இடதும் அசையாவிட்டால் வலதைச் சுற்றுங்கள். அதுவும் அசையவில்லையென்றால் பூட்டு இரண்டு பக்கமும். சக்கரங்கள் இரண்டும் எதிரெதிராகச் சுலபமாகச் சுற்றினால் பிரேக் குற்றவாளியே இல்லை. கிளட்சையும் கியர் பெட்டியையும் பாருங்கள்.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்பது பெரிய தடயம். மோரிஸ் மைனரில் பாடியிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ரப்பர் குழாய் ஒன்றே ஒன்றுதான். அது ஆக்சிலில் வந்து பிரிந்து இரண்டு சக்கரத்துக்கும் போகிறது. அந்த ஒற்றைக் குழாய் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சேர்ந்தே பிடிக்கும். ஹேண்ட் பிரேக்குக்கு அப்படியில்லை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேபிள். ஒன்று இறுகி மற்றது நன்றாக இருப்பது சகஜம்.

கேபிளிலிருந்து தொடங்குவது நல்லது, அதுதான் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. கார் உள்ளே ஹேண்ட் பிரேக் தண்டின் அடியில் கேபிள் முனைகளில் நட்டுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்துங்கள். பிறகு சக்கரத்தின் பின்பக்கத் தகட்டில் கேபிள் வந்து சேரும் நெம்புகோலைக் கையால் தள்ளிப் பாருங்கள். கேபிளை நெம்புகோலோடு கோக்கும் ஊசியைக் கழற்றியதும் நெம்புகோல் பின்னுக்குப் போய்ச் சக்கரம் சுற்றினால், பிடித்திருந்தது கேபிள்தான். டிரம்மைத் தொடவே வேண்டாம். கேபிளை மாற்றுங்கள். உறைக்குள் எண்ணெய் ஊற்றி ஓட்டிவிடலாம் என்று தோன்றும். உள்ளே நைந்த கம்பி அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பிடிக்கும்.

கிராணி வீட்டுக் காடியில் இடப்பக்கம் இப்படித்தான் இருந்தது. ஊசியைத் தட்டி எடுத்ததும் டக் என்ற ஒரு சத்தம், சக்கரம் கையோடு வந்தது. வலப்பக்கம் அசையவில்லை.

அடுத்தது ஆயில். சிலிண்டரின் பின்னால் காற்று வெளியேற்றும் சின்ன நிப்பிள் இருக்கும். அதைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஒரு நாள் விட்டுவிட்டு, ஆறு முகமும் கவ்வுகிற ஸ்பேனரால் மெதுவாகத் திறங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் காடிகளின் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முனை உருண்டுவிடும், பிறகு பெரிய கஷ்டம். திறந்ததும் ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விட்டால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது என்று பொருள். ரப்பர் குழாயையும், பெடலோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். மைனரில் இந்த மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் கால் தரைக்கு அடியில் இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியை விரிப்பைத் தூக்கித்தான் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் வருஷக்கணக்காக யாரும் திறந்திருக்க மாட்டார்கள். எங்கள் காடியில் நிப்பிளைத் திறந்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆக, அழுத்தம் இல்லை. மீதி இருப்பது டிரம்மும் பிஸ்டனும்.

டிரம்மைக் கழற்றும் முன்னால் ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு கிடையாது. பழைய லைனிங்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. உள்ளே தேங்கியிருக்கும் சாம்பல் நிறத் தூளை மூச்சில் இழுத்தால் அது நுரையீரலில் தங்கிவிடும், அதன் கேடு பல வருஷம் கழித்துத்தான் தெரியும். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷால் தட்டாதீர்கள். நுண்தூளைத் தடுக்கும் முகமூடி போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். என் இளமைக்காலத்தில் பட்டறைகளில் போமன்கள் வாயாலேயே ஊதுவார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சரி, டிரம். மைனரில் சக்கர நட்டுகளைக் கழற்றியபின் டிரம்மைப் பிடித்திருப்பது இரண்டு தட்டைத் தலை ஸ்க்ரூ மட்டும்தான். எல்லாக் காடியும் இப்படி இருக்காது. வோக்ஸ்வேகன் பீட்டிலில் பின் டிரம் அச்சின் பல்வரிகளில் நேரடியாக உட்கார்ந்து, 36 மில்லிமீட்டர் நட்டு ஒன்றால் பிடிபட்டிருக்கும். அந்த நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். லேண்ட் ரோவர் பழைய சீரிஸ் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்திலேயே இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் தனி டிரம்மில் இருக்கிறது. தோட்டத்து லேண்ட் ரோவரில் பின் சக்கரம் பூட்டினால் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தேடுவது வீண் வேலை. சுத்தியலை எடுக்கும் முன் உங்கள் காடி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த இரண்டு ஸ்க்ரூக்களை சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கினால் வெட்டு சிதைந்துவிடும். சுத்தியலால் தலையில் அடிக்க அடிக்கத் தானே திரும்பும் ஸ்க்ரூ டிரைவர் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கிறது. வாங்கி வையுங்கள், காடி இருக்கும்வரை உதவும். அப்புறம், டிரம்மின் ஓட்டை வழியாக, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை ஷூ சுருங்கும் பக்கமாகத் திருப்புங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள். பல வருஷம் ஓடிய டிரம்மின் உள்சுவர் தேய்ந்து, விளிம்பில் மட்டும் தேயாத ஒரு வரம்பு நிற்கும். ஷூ அந்தக் குழிவுக்குள் உட்கார்ந்திருக்கும். ஷூவைச் சுருக்காமல் இழுத்தால் அந்த வரம்பு தடுத்துக்கொள்ளும், நாம் துரு என்று நினைத்து அடித்துக்கொண்டிருப்போம்.

இதற்குப் பிறகும் டிரம் வரவில்லையா? துரு இளக்கும் எண்ணெயை நடுவில் டிரம்மும், அது உட்காரும் ஹப் என்ற நடுப்பகுதியும் சேருகிற வட்டத்தில் விடுங்கள், போல்ட்டுகளைச் சுற்றியும் விடுங்கள். அது அந்த மயிரிழை இடைவெளிக்குள் ஊர்ந்து போக நேரம் வேண்டும். சாயங்காலம் விட்டு, மறுநாள் சாயங்காலம் மறுபடி விட்டு, மூன்றாம் நாள் தட்டலாம். அட்ஜஸ்டர் ஓட்டை வழியாக ஷூவுக்கு எண்ணெய் விட்டால் ஒட்டு சீக்கிரம் விடும், ஆனால் அந்த லைனிங் எண்ணெய் குடித்துவிடும், திரும்பப் போட முடியாது. எப்படியும் ஷூ மாற்றப் போகிறவர்கள் மட்டும் அதைச் செய்யலாம்.

தட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. போல்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் தட்டையான முகத்திலும், பக்கவாட்டுச் சுவரிலும், மரக்கட்டை வைத்து, சுற்றிச் சுற்றி, நடுத்தரமான அடி. ஓங்கி ஒரு அடி அடிப்பதைவிட ஐம்பது அடி தட்டுவது மேல், அதிர்வுதான் துருவை உடைக்கிறது. பின்பக்க விளிம்பில் மட்டும் அடிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். பல வருஷத்துக்கு முன்னால் அவசரத்தில் விளிம்பில் அடித்து ஒரு நல்ல டிரம்மின் ஓரத்தை நான் பிளந்திருக்கிறேன். ஓட்டை போன சட்டியைப் போல அது கையில் வந்தது. அந்த அளவில் இன்னொன்று தேட நாலு மாசம் ஆனது.

சூடு காட்டுவது கடைசி வழி. டிரம்மின் நடுவட்டத்தைச் சுற்றி மட்டும் காஸ் சுடரை ஓட்டினால், டிரம் ஹப்பைவிட முதலில் விரிந்து பிடியை விடும். பிரேக் ஆயில் எரியக்கூடியது, அது கசியாமல் தடுக்கும் சிலிண்டர் சீல்கள் ரப்பர். அந்தப் பக்கம் சுடர் போகக் கூடாது. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடத்தில் நெருப்பே காட்டாதீர்கள். சில வகைகள் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

கிராணி வீட்டு வலப்பக்க டிரம் மூன்றாம் நாள் வந்தது. தட்டிக்கொண்டே இருந்தபோது சத்தம் மாறியது. அதுவரை மொட்டையாக டப் டப் என்று கேட்டது, திடீரென்று மணி போலக் கணீர் என்றது. அந்தச் சத்தம் வந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டு கையாலும் இப்படி அப்படி ஆட்டி இழுத்தோம். உள்ளே மேல் ஷூவின் லைனிங் அச்சு டிரம்மில் செம்பழுப்பாக அப்படியே பதிந்திருந்தது.

டிரம் வந்ததும் எதையும் கழற்றாமல் போனில் நாலு படம் எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்த ஷூ எந்தப் பக்கம் நீளம் என்பது ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பிரியுங்கள், சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மைனரின் பின் சிலிண்டரில் ஒரு சங்கதி உண்டு. அது பின்தகட்டில் இறுக்கி மாட்டப்பட்டதல்ல, ஒரு பள்ளத்தில் வழுக்கி நகரும். பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ள, சிலிண்டரின் உடல் எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். அந்தப் பள்ளத்தில் துரு ஏறினால் உடல் நகராது. பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும், அரைகுறையாக விடும். பிஸ்டன் நன்றாக இருந்தும் பிரேக் விடாத காடிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பள்ளத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை விரல் நுனியளவு தடவினால் போதும். பிஸ்டனை வெளியே எடுத்து, சிலிண்டரின் உள்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நகம் தட்டுகிற குழி இருந்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் புதிது போட்டுவிடுங்கள். பிரேக்கில் மிச்சம் பிடிக்க இடமில்லை.

இங்கே சீல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய பிரிட்டிஷ் காடிகளின் சீல்களில் இயற்கை ரப்பரும் உண்டு, ஏதோ ஒரு பால்மரத்தில் வடிந்ததுதான். ரப்பர் ஷீட்டின் மேல் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ பட்டால் அது ஊறி, உப்பி, பிசுபிசுத்துப்போவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். பஞ்சர் ஒட்டும் பசையே அப்படி ரப்பரைக் கரைத்துச் செய்வதுதான். சிலிண்டரை மண்ணெண்ணெயால் கழுவினாலும், எஞ்சின் ஆயில் தடவினாலும் சீலுக்கு அதே கதிதான், வீங்கிப் பிஸ்டனை இறுக்கிவிடும். பிரேக்கை விடுவிக்கச் செய்த வேலையே மறுபடி பிடிக்க வைக்கும். கழுவ பிரேக் ஆயில் அல்லது மெத்திலேட்டட் ஸ்பிரிட், பூச பிரேக் ஆயில் அல்லது சீலுக்கென்றே விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ்.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெயே அல்ல. கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 என்ற தரங்கள் இரண்டும் கிளைக்கால் என்ற ரசாயன வகை, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155க்கு இறங்குகிறது. அதைவிட, உறிஞ்சிய ஈரம் சிலிண்டருக்குள்ளேயே துருவை வளர்க்கும். நம்முடைய காற்றில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது, காடி ஓடினாலும் ஓடாவிட்டாலும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், தோலை உரிப்பது போல் உரித்துவிடும்.

திரும்பப் பூட்டுவது படத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. ஷூவை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது காடி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றி, அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை இறுக்கி, தடையில்லாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும்.

முதல் ஓட்டம் ரோட்டில் வேண்டாம், வீட்டு வாசலிலேயே. பெடல் கெட்டியாக நிற்கிறதா, மிதித்து விட்டதும் சக்கரம் தானே உருள்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆளில்லாத தோட்டப் பாதையில் இரண்டு கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல். நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பின்னால் ஒன்று மட்டும் அனலடித்தால் அது இன்னும் முழுதாக விடவில்லை, திரும்பப் பிரிக்க வேண்டும். எங்களுக்கு முதல் முறை வலப்பக்கம் அனலடித்தது. சிலிண்டர் பள்ளத்தின் ஒரு மூலையில் துரு மிச்சமிருந்தது. மறுபடி கழற்றி அரம் போட்டோம். இரண்டாம் முறை செம்பனைக் காட்டோரம் போய்த் திரும்பியபோது இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு.

இப்போது அந்த மைனர் கொட்டகையில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பால்மரக் கட்டை. அந்தக் கட்டைகளைக் கிராணியின் மகனே செதுக்கினார். மறந்து கிளம்பிவிடக் கூடாதென்று கட்டையில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறார்.